மெட்ரிக் வரலாற்றுக் கட்டுரை: கதை வேறு, வாதம் வேறு

மெட்ரிக் என்பது தென்னாப்பிரிக்காவின் பன்னிரண்டாம் வகுப்பு. செப்டம்பரில் ட்ரையல் எனும் மாதிரித் தேர்வு, அது முடிந்த சூட்டோடு இறுதித் தேர்வு. டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் மெட்ரிக் பிள்ளை இருக்கும் வீடுகளில் இந்த மாதங்களில் கணக்குக்கும் அறிவியலுக்கும் ட்யூஷன் ஓடும். வரலாறு மட்டும் "படிச்சா வந்துடும்" என்று ஓரமாகக் கிடக்கும். படித்தால் மட்டும் வந்துவிடாது. நோட்டு முழுவதையும் மனப்பாடம் செய்த பிள்ளை கட்டுரையில் 50-க்கு 25 வாங்குவதும், அதில் பாதியே தெரிந்த பிள்ளை 40 வாங்குவதும் நடக்கிற விஷயம்தான். ஏன் என்று பார்ப்போம்.

முதலில் தாளின் கணக்கு. இரண்டு தாள்கள், ஒவ்வொன்றும் 3 மணி நேரம், 150 மதிப்பெண். ஒவ்வொரு தாளிலும் ஆறு கேள்விகள். முதல் மூன்றும் மூல ஆவணங்களைக் கொடுத்துக் கேட்பவை. 4, 5, 6 கட்டுரைகள். எதுவானாலும் 50 மதிப்பெண். மூன்று கேள்விக்கு விடை எழுத வேண்டும், இரண்டு பிரிவிலிருந்தும் குறைந்தது ஒன்று. ஆக, கட்டுரையைத் தவிர்க்க வழியே இல்லை. இரண்டு தாளும் சேர்ந்த 300 மதிப்பெண்ணில் 100 கட்டாயம் கட்டுரையில் இருக்கிறது. விரும்பினால் 200 வரை போகலாம்.

கட்டுரைத் தலைப்புகள் பல ஆண்டுகளாக ஒரே வட்டத்தில்தான் சுற்றுகின்றன. முதல் தாளில் வியட்நாம், காங்கோ (சில ஆண்டுகளில் தான்சானியாவோடு ஒப்பிட்டு), அமெரிக்காவின் பிளாக் பவர் இயக்கம். இரண்டாம் தாளில் பிளாக் கான்ஷியஸ்னஸ் (கறுப்பர் தன்னுணர்வு இயக்கம்), தென்னாப்பிரிக்காவில் ஜனநாயகம் வந்த கதை, பனிப்போரை முடித்த 1989-இன் நிகழ்வுகள். இருந்தாலும் அந்த ஆண்டுக்கான தேர்வு வழிகாட்டியைக் கல்வித் துறையின் தளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். எது கட்டுரைக்கு, எது மூல ஆவணத்துக்கு என்று அதில் தெளிவாக இருக்கும். அக்காவின் பழைய நோட்டை நம்பி இறங்க வேண்டாம்.

தாளுக்கு இரண்டு கட்டுரைத் தலைப்பாவது தயாராக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் படித்துப் போவது சூதாட்டம். தலைப்பு வராமல் போகும் என்பதற்காகச் சொல்லவில்லை. தலைப்பு வரும், ஆனால் கேள்வி வேறு பக்கம் திரும்பி நிற்கும்.

இப்போது திருத்துபவரின் மேசைக்கு வருவோம். அவரிடம் மெமோவும் (விடைக் குறிப்பு), மதிப்பெண் போட ஒரு கட்டமும் இருக்கும். கட்டத்தின் ஒரு பக்கம் உள்ளடக்கம், இன்னொரு பக்கம் முன்வைக்கும் விதம். இரண்டுக்கும் ஏழு ஏழு நிலைகள். இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் மதிப்பெண். இரண்டிலும் ஏழாம் நிலை எட்டினால் 47 முதல் 50. தகவல் நிறைய இருந்து வாதம் இல்லாவிட்டால் ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் இழுத்துப் பிடிக்கும். படிக்கும்போதே அவர் ஓரத்தில் குறி போட்டுக்கொண்டு போவார்: தவறான வாக்கியத்துக்கு அடிக்கோடு, கேள்விக்குத் தொடர்பில்லாததற்கு மூன்று செங்குத்துக் கோடுகள், சொன்னதையே சொன்னால் 'ஆர்' எழுத்து, முன்னுரையும் முடிவுரையும் கேள்வியோடு ஒட்டாவிட்டால் ஒரு கூரைக் குறி. எழுதிப் பழகிய கட்டுரையை எடுத்து இதே குறிகளைப் பென்சிலால் நீங்களே போட்டுப் பாருங்கள். மூன்று கோடுகள் எத்தனை இடத்தில் விழுகின்றன என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

ஒவ்வொரு கட்டுரைக் கேள்வியின் அடியிலும் உங்கள் 'லைன் ஆஃப் ஆர்க்யுமென்டை' ஆதாரத்தோடு நிறுவச் சொல்லி ஒரு வரி இருக்கும். அதாவது, கேள்விக்கு உங்கள் நேரடி பதில் என்ன? அதைத்தான் வாதம் என்கிறோம். வீட்டில் தமிழ் புழங்கும் பிள்ளைகளுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. தேர்வில் ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள். ஆனால் அந்தப் பதிலைப் பாட்டியிடம் தமிழில் இரண்டே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். பாட்டி "சரி, அதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டால் வாதம் இருக்கிறது. "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் நீங்கள் கதை சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். 1970களில் நிறவெறி ஆட்சியை எதிர்த்த மாணவர்களிடம் பிளாக் கான்ஷியஸ்னஸ் தத்துவத்தின் தாக்கம் எந்த அளவுக்கு இருந்தது? இதற்குப் பெரும்பாலும் இப்படித்தான் ஒரு பத்தி வரும்: "ஸ்டீவ் பிகோ மருத்துவம் படித்தார். சாசோ என்ற கறுப்பின மாணவர் அமைப்பைத் தொடங்கினார். 1973-இல் அவருக்குத் தடை விதித்தார்கள். 1977 செப்டம்பர் 12 அன்று காவலில் இறந்தார்." ஒரு தவறும் இல்லை. ஆனால் தாக்கம் எந்த அளவு என்பதற்கு ஒரு சொல்கூடப் பதிலும் இல்லை.

அதே தகவலைத் திருப்பி வைத்தால்: "மாணவர்கள் தனி அமைப்பு கட்டியதிலேயே இந்தத் தத்துவத்தின் பிடி தெரிகிறது. நூசாஸ் என்ற மாணவர் ஒன்றியத்தில் கறுப்பின மாணவர்கள் இருந்தாலும் தலைமை வெள்ளையர் கையில் இருந்தது. 1968 டிசம்பரில் மரியன்ஹில்லில் கூடி, 1969 ஜூலையில் டர்ஃப்லூப்பில் சாசோவை முறைப்படி தொடங்கி, பிகோவை முதல் தலைவராக்கினார்கள். ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவரையும் 'கறுப்பர்' என்ற ஒரே அரசியல் சொல்லுக்குள் கொண்டுவந்தார்கள். யாருடைய தயவும் இன்றித் தாங்களே நிற்க முடியும் என்ற எண்ணம் இப்படித்தான் வளாகங்களில் வேர்விட்டது." முதல் வாக்கியம் நிலைப்பாடு, அடுத்து விளக்கம், பிறகு எடுத்துக்காட்டு, கடைசி வாக்கியம் கேள்வியோடு முடிச்சு. பள்ளிகளில் 'பீல்' என்று சொல்வது இதைத்தான். பிள்ளைகள் விட்டுவிடுவது எப்போதும் அந்தக் கடைசி முடிச்சை.

'எந்த அளவுக்கு' என்று கேட்டால் மறுபக்கத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். பாதிப் பாடங்களை ஆஃப்ரிகான்ஸில் நடத்தச் சொன்ன உத்தரவு, இடமில்லாமல் நிரம்பி வழிந்த வகுப்பறைகள், 1973 ஜனவரியில் டர்பனில் கொரோனேஷன் செங்கல் ஆலையில் தொடங்கிப் பரவிய வேலைநிறுத்தங்கள், 1975-இல் மொசாம்பிக்கும் அங்கோலாவும் பெற்ற விடுதலை: இவையும் மாணவர்களை உசுப்பின. "பெருமளவுக்கு, ஆனால் அது மட்டுமே அல்ல" என்பது நல்ல நிலைப்பாடு. "ஆம்" என்று தொடங்கி நடுவில் மனம் மாறி "இல்லை" என்று முடிப்பதுதான் மோசம்.

இந்தத் தலைப்பில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு பிழைகள். ஒன்று, 1976-இன் சோவெட்டோ மாணவர் எழுச்சியைப் பிகோவே முன்நின்று நடத்தியதாக எழுதுவது. 1976 ஜூன் 16 அன்று அவர் தடை உத்தரவின் கீழ் கிங் வில்லியம்ஸ் டவுனில் இருந்தார். ஊர்வலம் பள்ளி மாணவர்கள் ஏற்பாடு செய்தது. தத்துவம்தான் அவர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டு, பிகோவின் மரணத்தால் மாணவர் கொதித்து எழுந்தார்கள் என்று எழுதிவிட்டு அடுத்த பத்தியில் சோவெட்டோவுக்குப் போவது. 1977 எப்படி 1976-க்குக் காரணமாகும்? இப்படி ஒரு வரி போதும், திருத்துபவர் அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சந்தேகக் கண்ணோடுதான் படிப்பார்.

டர்பன் பிள்ளைகளுக்கு இந்தத் தலைப்பில் ஒரு வசதி உண்டு. 1974 செப்டம்பர் 25 அன்று மொசாம்பிக்கின் விடுதலை இயக்கமான ஃப்ரெலிமோவின் வெற்றியைக் கொண்டாடக் கூட்டம் கூடியது கர்ரீஸ் ஃபவுன்டனில், தாத்தாக்கள் கால்பந்து பார்க்கப் போன அதே மைதானத்தில். அதைத் தொடர்ந்த வழக்கில் சிறை சென்றவர்களில் இந்திய வம்சாவளியினரான சாத்ஸ் கூப்பரும் ஸ்ட்ரினி மூட்லியும் உண்டு. இந்தியரும் 'கறுப்பர்' என்று தங்களை அழைத்துக்கொண்டதற்கு இதைவிட நல்ல ஆதாரம் தேட வேண்டியதில்லை. ஆனாலும் ஏனோ யாரும் எழுதுவதில்லை.

ஜனநாயகத் தலைப்பில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே தேதிகள் மலிந்து கிடக்கின்றன. வரிசையாக எழுதினாலே மூன்று பக்கம் ஓடிவிடும். தேதிகளை வரிசையாகப் படிக்காமல் ஜோடியாகப் படியுங்கள்: ஒரு முட்டுக்கட்டை, அதை உடைத்த ஒரு விட்டுக்கொடுப்பு. 1992 மே மாதம் கோடேசா என்ற பல கட்சிப் பேச்சுவார்த்தை இரண்டாம் சுற்றில் முட்டிக்கொண்டது, ஜூன் 17-இல் போய்பாடோங் படுகொலை, பேச்சுவார்த்தை நின்றது, செப்டம்பர் 7-இல் பிஷோ படுகொலை. பிறகு செப்டம்பர் 26-இல் மண்டேலாவும் அதிபர் டி கிளர்க்கும் கையெழுத்திட்ட புரிந்துணர்வு. அடுத்த ஜோடி: 1993 ஏப்ரல் 10-இல் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் கிறிஸ் ஹானி கொலை, அதன் பிறகு தேர்தலுக்கு 1994 ஏப்ரல் 27 என்று நாள் குறித்தது. இப்படிப் படித்தால், வன்முறையைப் பற்றிக் கேட்டாலும் தலைமையைப் பற்றிக் கேட்டாலும் விட்டுக்கொடுத்தலைப் பற்றிக் கேட்டாலும் அதே சரக்கு உதவும். பத்தியின் முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும்தான் மாறும்.

காங்கோவையும் தான்சானியாவையும் ஒப்பிடச் சொன்னால், முதல் இரண்டு பக்கம் காங்கோ, அடுத்த ஒரு பக்கம் தான்சானியா என்று எழுதினால் அது இரண்டு குட்டிக் கட்டுரை, ஒப்பீடு ஆகாது. அரசியல், பொருளாதாரம், கல்வியும் பண்பாடும் என்று கூறு பிரித்து, ஒவ்வொரு பத்தியிலும் காங்கோவின் மொபுட்டுவையும் தான்சானியாவின் நியரேரேயையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள்.

தலைப்புக்கு ஒரு ஏ4 தாள் போதும். நடுவில் ஆறு கருத்துகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி, ஒரு பெயர், ஒரு இடம். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். பழைய வினாத்தாள்களிலிருந்து அதே தலைப்பில் மூன்று கேள்விகளை எடுத்து, அந்த ஆறு கருத்துகளையும் வைத்து மூன்று வெவ்வேறு முன்னுரை மட்டும் எழுதுங்கள். முழுக் கட்டுரையை ஐந்து முறை எழுதுவதைவிட இது பலன் தரும். மெமோவைக் கடைசியில் திறக்கவும். முதலிலேயே திறந்தால் எல்லாம் தெரிந்தது போலவே தோன்றும்.

தேர்வறையில் ஒரு கேள்விக்கு 60 நிமிடம். 10 நிமிடம் திட்டம், 45 நிமிடம் எழுத்து, 5 நிமிடம் திருப்பிப் படிக்க. முன்னுரையில் நான்கைந்து வரிதான்: நிலைப்பாடு, காலம், எந்தெந்தக் கருத்துகளால் நிறுவப்போகிறீர்கள் என்பது. நடுவில் ஐந்தாறு பத்தி. முடிவுரையில் புதுத் தகவல் கூடாது. நிலைப்பாட்டை வேறு சொற்களில் உறுதி செய்தால் போதும். நேரம் ஓடிவிட்டால் ஆறாவது கருத்தை விட்டுவிட்டு முடிவுரையை எழுதிவிடுங்கள். திட்டம் எழுதிய பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் எது விடை என்று திருத்துபவர் தேடிக்கொண்டிருப்பார்.