பலகை, செங்கல், பொம்மை லாரி

காட்பாடியில் எங்கள் தெருவில் மூன்று முதல் ஐந்து வயதுக்குள் பிள்ளைகள் சிலர் உண்டு. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அவர்களைக் கூட்டிவைத்து, பொம்மை வண்டிகளை வைத்தே கொஞ்சம் இயற்பியல் பழக்கிப் பார்க்கிறேன். இதுவரை நடந்ததை எழுதி வைக்கிறேன்.

மூன்றடிப் பலகை, செங்கற்கள், சாக்பீஸ் போதும். விதி ஒன்றுதான்: வண்டியை விடும் முன் அது எங்கே நிற்கும் என்று கோடு போட வேண்டும். கோடு போடாத பிள்ளைக்கு வண்டி எங்கே நின்றாலும் சந்தோஷம்தான். கோடு போட்ட பிள்ளையோ, "ஏன் அங்க போச்சு?" என்று தானாகவே கேட்கிறது. நான் தேடியது அந்தக் கேள்வியைத்தான்.

ஒரு செங்கல் உயரத்திலிருந்து விட்ட லாரி ஏழு டைல்ஸ் தாண்டி நின்றது. இரண்டு செங்கல் வைத்தால் பதின்மூன்று. உயரம் இரட்டித்தால் தூரமும் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பதை எண்ணியே கண்டுகொண்டார்கள். மூன்றாவது செங்கல்லுக்கு லாரியின் மூக்கு தரையில் முட்டி வண்டி குப்புற விழுந்தது. பலகை முடியும் இடத்தில் பழைய காலண்டர் அட்டையை வளைத்து ஒட்டினேன், சரியாகிவிட்டது.

அப்புறம் தரையை மாற்றினோம். பாயில் சீக்கிரம் நின்றது, கோணியில் அதைவிடச் சீக்கிரம். பக்கத்து வீட்டு வேலைக்குக் கொட்டியிருந்த மணலில் ஒரு சாண்கூடப் போகவில்லை. ஒரு சிறுமி தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தாள். சக்கரம் புதைந்து, அதற்கு முன்னால் மணல் குட்டி மேடாகக் குவிந்திருந்தது. "மண்ணு வீலைப் புடிச்சிக்குது அத்தை" என்றாள். அதற்கு மேல் நான் எதுவும் விளக்கவில்லை. அந்த வயதுக்கு அதுவே நிறைய.

லாரியில் புளியங்கொட்டை நிரப்பி விட்டபோது எல்லாரும் தூரத்தில் கோடு போட்டார்கள். வெறும் லாரி நின்ற இடத்துக்கு அருகிலேயே அதுவும் நின்றது. பாரம் கூடினால் தள்ளும் விசை கூடுகிறது, தடுக்கும் உராய்வும் அதே அளவு கூடுகிறது. இதைச் சொல்லாமல் திரும்பத் திரும்ப விடச் சொன்னேன். 1638-ல் வெளிவந்த நூலில் கலிலியோவும் சாய்ந்த பலகையில் குண்டு உருட்டியதைத்தான் எழுதினார். நேராக விழும் பொருளின் வேகம் கண்ணுக்குப் பிடிபடாது, சரிவில் அது நிதானப்படும். மூன்று வயதுக் கண்ணுக்கும் அந்த நிதானம் வேண்டியிருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது நுங்கு வண்டிதான். நுங்கு எடுத்த இரண்டு பனங்காய்க் கூடுகளைக் குச்சியில் இறுக்கிக் கோத்து, கவட்டைக் குச்சியால் தள்ளவேண்டும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்றால் வண்டி சிறிய பக்கமே திரும்பும். ஒரு சுற்றில் பெரியது கூடுதல் தூரம் உருள்வதுதான் காரணம். ரயில் சக்கரத்தைச் சரிவாகக் கடைவதும் இதற்காகத்தான்: வளைவில் வெளிச் சக்கரம் தன் பருத்த பகுதியில் உருண்டு, கூடுதல் தூரத்தை ஈடுகட்டும். காட்பாடி ஜங்ஷனில் தினம் ரயில் பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒருநாள் இதைச் சொல்ல ஆசை.

இப்போதைக்கு இரண்டு கூடுகளையும் மாற்றி மாற்றிக் கோத்து, எந்தப் பக்கம் திரும்பும் என்று முதலில் கை காட்டச் சொல்கிறேன். அடுத்து, முழு டேப் சுருளையும் தீர்ந்துபோன வளையத்தையும் ஒரே சரிவில் சேர்த்து விடப் போகிறோம்.