பிரான்சின் ரியூனியன் தீவில் இணையப் போக்கர்: கையிருப்பு கரையாமல் ஆட

போக்கருக்கு ஒதுக்கும் பணம் தனியாக இருக்கட்டும். வாடகை, கரண்ட் பில், தீபாவளிச் செலவு எதுவும் அதில் கலக்கவே கூடாது.

1/2 சென்ட் மேசையில் சிறிய கட்டாயப் பந்தயம் 1 சென்ட், பெரியது, அதாவது பிக் பிளைண்ட், 2 சென்ட். 100 பிக் பிளைண்ட் என்றால் 2 யூரோ. அதுதான் ஒரு பை-இன், மேசைக்குக் கொண்டுபோகும் பணம். 40 பை-இன், அதாவது 80 யூரோ, கையில் இருந்தால் உட்காரலாம். அடுத்த மேசைக்கு, 2/5 சென்ட்டுக்கு, 200 யூரோ வேண்டும். அங்கே போய் 150க்கு இறங்கிவிட்டால் அன்றே பழைய மேசைக்குத் திரும்புங்கள். ஏறுவது எளிது, இறங்கத்தான் மனசு வராது. பலருடைய கணக்கு காலியாவது அந்த வீம்பில்தான்.

ஏன் இவ்வளவு இருப்பு? உங்களிடம் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு கிங், ஃபிளாப்புக்கு (முதல் மூன்று பொதுச் சீட்டுகள் விழுவதற்கு) முன்பே மொத்தப் பணமும் நடுவில். அப்போதும் 100க்கு 18 முறை தோற்பீர்கள். நன்றாக ஆடுபவருக்கே 10, 15 பை-இன் தொடர்ந்து போகும்.

டோர்னமென்ட்டில் பெரும்பாலானோர் வெறுங்கையோடுதான் எழுவார்கள். குறைந்தது 100 பை-இன் (இங்கே நுழைவுக் கட்டணம்) வேண்டும், கூட்டம் பெரிதென்றால் 200. கையில் 100 யூரோ வைத்துக்கொண்டு 5 யூரோ டோர்னமென்ட் ஆடினால் 20 முயற்சிதான். தயவுசெய்து வேண்டாம்.

இன்னொன்று, நம் தீவுக்கே உரியது. பாரிஸில் இரவு 9 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு ஜூலையில் 11 மணி, ஜனவரியில் நள்ளிரவு. மறுநாள் காலை வேலை இருந்தால் பதிவு செய்யாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் போடும் ‘கால்’ (எதிராளியின் பந்தயத்துக்கு ஈடாகப் பணம் வைப்பது) எல்லாம் கையிருப்பிலிருந்துதான் போகும்.

பிரெஞ்சு உரிமம் பெற்ற தளங்களில் டெபாசிட் வரம்பு வைக்கலாம். தோற்ற இரவில் அல்ல, இன்றே வையுங்கள்.