அப்பாவின் போன் எந்த ஜே7?

அப்பாவின் போன் துவைகல்லில் விழுந்து திரை இருண்டுபோனது ஒரு செவ்வாய்க்கிழமை. கோவில்பட்டியிலிருந்து அம்மாவின் பட்டன் போனில் கூப்பிட்டுச் சொன்னார். மணி அடிக்கிறது, அதிர்கிறது, ஆனால் திரையில் ஒன்றும் தெரியவில்லை. புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். பேத்தி பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்கள் அதில் இருக்கின்றன. கடையில் கொடுத்துவிட்டு வரவும் மனமில்லை. "பேங்க் சமாசாரம் பூரா அதுலதான் கெடக்கு. நீ வா, பக்கத்துல நின்னு மாத்திக்கிடுவோம்."

உள்ளூர் ரிப்பேர் கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன். பழைய மாடலுக்கெல்லாம் டிஸ்ப்ளே கையிருப்பு கிடையாது, சென்னையிலிருந்து வாங்கி வந்தால் உடனே மாட்டித் தருகிறோம் என்றார் கடைக்காரர். சனிக்கிழமை எப்படியும் ஊருக்குப் போகிறேன். போன் பாகங்கள் விற்கும் ரிச்சி தெரு அலுவலகத்திலிருந்து நடை தூரம். இதில் என்ன சிரமம் என்று நினைத்தேன்.

"என்ன போனுப்பா அது?"

"டச்சு போனு."

"கம்பெனி?"

"சாம்சங்கு. ஜே செவன்னு சொல்லித்தான் குடுத்தான்."

மறுநாள் மதியம் ரிச்சி தெருவில் ஒரு சின்னக் கடையில், "சாம்சங் ஜே7 காம்போ இருக்கா?" என்று கேட்டேன். திரையும் டச்சும் சேர்ந்த பாகத்துக்கு அங்கே காம்போ என்றுதான் பெயர். பையன் தலையைத் தூக்காமலே கேட்டான்: "எந்த ஜே7ண்ணா?"

அதுவரை எனக்கு ஒரே ஒரு ஜே7தான் தெரியும். அவன் விரல் விட்டு எண்ணினான். 2015-ல் வந்த முதல் ஜே7, அதன் எண் எஸ்எம்-ஜே700. 2016 பதிப்பு ஜே710. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த பிரைமுக்கு எண்ணில் ஜே என்ற எழுத்தே இல்லை, ஜி610. 2017-ல் நெக்ஸ்ட் ஜே701, புரோ ஜே730, மேக்ஸ் ஜி615. 2018-ல் டுயோ ஜே720, பிரைம் 2 ஜி611. பெட்டியில் எல்லாமே ஜே7தான். டிஸ்ப்ளே என்று வந்துவிட்டால் ஒன்றுக்கு ஒன்று பொருந்தும் என்று நம்ப முடியாது. சிலதில் அமோலெட் திரை, சிலதில் எல்சிடி.

அங்கேயே நின்று அப்பாவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். பின்னால் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் கூச்சம். அப்பா வாங்கியது 2016 வாக்கில்தான் இருக்கும் என்று ஒரு நினைப்பு. "2016 குடுங்க" என்று 1,800 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டேன். அலுவலகத்துக்கு வந்ததும் சரியாக இருக்கிறதா பார்ப்போமே என்று மேலே ஒட்டியிருந்த காகிதத்தை வேறு உரித்தேன். உரித்தால் திருப்பி எடுக்க மாட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்று மாலை ரிப்பேர் கடைக்காரரிடம் வாங்கிவிட்டதாகச் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்பா போன்ல பின்மூடி நகத்துல கழலுதா?"

அந்தக் கேள்வியில் எட்டில் நாலு அடிபட்டுப்போகும். முதல் ஜே7, 2016, நெக்ஸ்ட், டுயோ நான்கிலும் மூடியைக் கழற்றிப் பேட்டரியை வெளியே எடுக்கலாம். எடுத்தால் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டிலேயே மாடல் எண் இருக்கும், வேலையும் முடிந்தது. பிரைம், பிரைம் 2, புரோ, மேக்ஸ் நான்கும் மூடி கழலாதவை. அப்பாவைக் கூப்பிட்டேன். நகத்தால் பார்த்தார், வரவில்லை. எட்டணாக் காசை வைத்து நெம்பிப் பார்த்தார். "இரும்பு மாதிரி இருக்குல. பேத்துரவா?" என்றார். வேண்டாம் என்று கத்தினேன். ஆக, 1,800 ரூபாய் போனது.

மீதி நாலில் எது? வழக்கமான வழி எல்லோருக்கும் தெரியும்: செட்டிங்ஸ் உள்ளே போய்க் கீழே 'போனைப் பற்றி' என்பதைத் தொட்டால் பெயரும் எண்ணும் வரும். திரை இல்லாத போனில் அது நடக்காது. கூகுள் கணக்குக்குள் போனால் இணைந்திருக்கும் சாதனங்களின் பெயர் தெரியும் என்று அப்பாவின் டைரியிலிருந்து பாஸ்வேர்டை வாங்கி என் கணினியில் போட்டேன். நீங்கள்தானா என்று உறுதிசெய்ய உங்கள் போனில் 'ஆம்' என்பதைத் தொடுங்கள் என்றது. எந்தப் போனில்? அதே போனில்தான்.

ஒரு படத்தின் விவரத்தில் அதை எடுத்த கேமராவின் மாடல் பதிந்திருக்கும் என்பது நினைவுக்கு வந்தது. அப்பா அனுப்பிய படங்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தவை. வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணமாக அனுப்பினால் அந்த விவரம் கழன்றுவிடும். எதிர்வீட்டுப் பையன் போனின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். தங்க நிறம், சாம்சங் என்ற பெயர், கீழே ஏதோ சீட்டு ஒட்டியிருந்த தடம். அதை வாங்கிய வாரமே உரித்துவிட்டாராம். இணையத்தில் கிடைத்த படங்களோடு வைத்துப் பார்த்தேன். பிரைமும் பிரைம் 2-வும் என் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். மேக்ஸ் மட்டும் 5.7 அங்குலம், மற்றவை 5.5. மூலைக்கு மூலை அளந்தால் 14 சென்டிமீட்டரா பதினாலரையா என்று தெரிந்துவிடும். அப்பா ஸ்கேல் வைத்து அளந்து, "பதினாலும் சொச்சமும்" என்றார்.

கடைசியில் பில்தான் கை கொடுத்தது. அப்பா எந்த ரசீதையும் எறிய மாட்டார். சமையலறை ஆணியில் தொங்கும் கம்பியில் குத்தி வைப்பார். கையால் எழுதிய பில். தேதி இருந்த மூலை கிழிந்திருந்தது. மாடல் எழுதவேண்டிய இடத்தில் 'சாம்சங் மொபைல் – 1' என்று மட்டும். ஆனால் அதன் கீழே ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண் இருந்தது, 15 இலக்கம். எதிர்வீட்டுப் பையன் பில்லை எடுத்து அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஆறாவது இலக்கத்தின் மேலேயே கம்பி குத்திய ஓட்டை.

அந்த எண்ணின் முதல் எட்டு இலக்கம்தான் எந்த நிறுவனம், எந்த மாடல் என்பதைச் சொல்லும். அடுத்த ஆறு அந்தக் குறிப்பிட்ட போனுக்கு உரிய வரிசை எண். கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்புக்கு. ஓட்டை சரியாக முதல் எட்டுக்குள் விழுந்திருந்தது. ஆனால் சரிபார்ப்பு இலக்கம் இருக்கும்போது, காணாமல் போனது ஒன்றே ஒன்று என்றால் அதைக் கணக்குப் போட்டே பிடித்துவிடலாம். வங்கி அட்டை எண்களுக்கும் இதே கணக்குத்தான். ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த முறை.

இடமிருந்து இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்று இரட்டைப்படை இடங்களில் இருப்பதை மட்டும் இரட்டிக்க வேண்டும். இரட்டித்து இரண்டு இலக்கமானால் அவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 7-ஐ இரட்டித்தால் 14, அதாவது 5. மற்றவற்றை அப்படியே வைத்து எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தம் பூஜ்யத்தில் முடிய வேண்டும். என்னிடம் இருந்த 14 இலக்கமும் சேர்ந்து 63 வந்தது. எழுபதாக 7 குறைகிறது. ஆறாவது இடம் இரட்டிக்க வேண்டிய இடம். எதை இரட்டித்தால் 7 வரும்? 8-ஐ இரட்டித்தால் 16, ஒன்றும் ஆறும் ஏழு. வேறு எந்த எண்ணுக்கும் 7 வராது. ஓட்டைக்குள் இருந்தது 8. பள்ளிக்கூடம் முடித்த பிறகு ஒரு கணக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் சேவை ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்தைப் போட்டு, ஓர் இடம் விட்டு, 15 இலக்க எண்ணையும் அடித்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் நிறுவனம், மாடல், சாதன வகை எல்லாம் பதிலாக வரும். பழைய போன் வாங்குகிறவர்கள் அது திருட்டுப் போனா என்று பார்க்கவும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். திரை வேலை செய்கிற போனில் ஐஎம்இஐ எடுக்க நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் என்று அடித்தால் போதும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண் வரும். வியாழக்கிழமை ராத்திரி எனக்குப் பதில் வந்தது: எஸ்எம்-ஜி610எஃப். பிரைம்!

வெள்ளிக்கிழமை மறுபடி ரிச்சி தெரு. என் காம்போவை எடுத்துவரப் பையன் மாடிக்குப் போயிருந்தபோது, பக்கத்தில் ஒருவர் கைமாறிய ஐபோன் ஒன்றை வைத்துக்கொண்டு இது எந்த ஐபோன் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர் செட்டிங்ஸில் மாடல் எண்ணைக் காட்டினார். அது எஃப் என்று தொடங்கியது. ஒரு தட்டுத் தட்டியதும் ஏ என்று தொடங்கும் வேறொரு எண்ணாக மாறியது. மாடலைக் கண்டுபிடிக்க அந்த ஏ எண்தானாம். முதலில் வந்த எழுத்து எம் என்றால் புதிதாக விற்றது, எஃப் என்றால் புதுப்பித்து விற்றது, என் என்றால் பழுதுக்கு மாற்றாகக் கொடுத்தது. வந்தவர் முகம் தொங்கிப்போயிற்று. புதுசு என்று சொல்லி விற்றிருப்பார்கள் போல.

அந்த இடைவெளியில் அப்பாவுக்குப் போன் போட்டேன். கண்டுபிடித்துவிட்டேன், ஜே7 பிரைம் என்றேன் பெருமையாக.

"அப்படியா. நோட்டு செல்லாதுன்னு சொன்னாங்கல்ல, அதுக்குப் பத்து நா முந்தி, தீபாவளிக்கு வாங்குனது. அப்பதான் புதுசா வந்துருக்குன்னான்."

2016 அக்டோபர் கடைசி. அன்றைக்குச் சந்தையில் இருந்தது மூன்றே ஜே7. அதில் மூடி கழலாதது ஒன்றே ஒன்று.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமேப்பா."

"நீ எங்கல கேட்ட?"

பையன் கையில் இரண்டு அட்டைப் பெட்டியோடு இறங்கி வந்தான். "பிளாக்காண்ணா, ஒயிட்டா?"

போனை வைக்காமலே கேட்டேன். "அப்பா, போனு முன்பக்கம் என்ன கலரு?"

"கறுப்பு. அதான் ஒண்ணும் தெரியலைன்னு செவ்வாக்கிழமையிலருந்து சொல்லுதேன்லா."

"தெரையைக் கேக்கலப்பா. கீழ பட்டன் இருக்குல்ல, அதைச் சுத்தி."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "வெள்ளை" என்றார்.