அந்த 'எல்லாம்' என்பதில் சினைப்பை உண்டா?

மார்பகப் புற்றுநோய்க்கு ஆப்பரேஷன், கதிர்வீச்சு எல்லாம் முடிந்து மாத்திரைக் கட்டத்துக்கு வந்தபோது எனக்கு 47 வயது. பயாப்சியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ், அதாவது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு வளரும் வகைப் புற்று. அதனால் ஹார்மோன் சிகிச்சை. பேர்தான் அப்படி, ஹார்மோனைக் கொடுப்பதில்லை, அதன் வேலையை முடக்குவது.

"மாதவிடாய் நின்றுவிட்டதா?" என்று டாக்டர் கேட்டார்.

"கர்ப்பப்பையை எடுத்தே ஆறு வருஷமாச்சு டாக்டர்."

"சினைப்பை?"

முழித்தேன். ஃபைப்ராய்டு கட்டிக்காக ஆப்பரேஷன் செய்தபோது "எல்லாம் எடுத்தாச்சு" என்று சொன்னது ஞாபகம் இருந்தது. அந்த 'எல்லாம்' எதுவரை என்று நான் கேட்கவே இல்லை.

பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுக்க இரண்டு நாள் ஆனது. கர்ப்பப்பையை மட்டும்தான் எடுத்திருக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும் சினைப்பை இரண்டும் அப்படியே. ரத்தத்தில் எஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை), எஃப்.எஸ்.ஹெச். (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) அளவுகளைப் பார்த்ததில், அவை இன்னும் வேலை செய்வது தெரிந்தது. ரத்தப்போக்கு இல்லாததால் எனக்குத்தான் தெரியவில்லை.

நான் தெரியாமல் "ஆமாம், எடுத்தாச்சு" என்று சொல்லியிருந்தால், உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே தடுக்கும் லெட்ரோசோல் மாத்திரையை எழுதியிருப்பார்களாம். சினைப்பை இயங்கும்போது அதை மட்டும் கொடுத்தால் பலிக்காது. மூளை இன்னும் சுரக்கச் சொல்லி சினைப்பையைத் தூண்டிவிடும். ஆக, ஈஸ்ட்ரோஜனைப் புற்றணுவின் ஏற்பியில் ஒட்டவிடாத டமாக்சிஃபென், தினம் 20 மில்லிகிராம். அந்த மாத்திரையால் கர்ப்பப்பை உட்சுவரில் புற்று வரலாம் என்ற பயம் எனக்கு இல்லை, கர்ப்பப்பையே இல்லையே! ரத்தக்கட்டு அபாயம் மட்டும் எல்லோரையும் போல எனக்கும் உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே வரச் சொன்னார்.

ராத்திரியில் குப்பென்று சூடேறி நைட்டி நனைந்துவிடும். அதற்கு வேறொரு டாக்டர் பராக்ஸெட்டின் எழுதினார். நல்லவேளை, சாப்பிடும் முன் புற்றுநோய் டாக்டரிடம் காட்டினேன். டமாக்சிஃபென் உடம்பில் செயல்படும் வடிவத்துக்கு மாறுவதையே அது தடுக்குமாம். வென்லாஃபாக்ஸினுக்கு மாற்றினார். அப்புறம் தூக்கம் வந்தது.

நாலு வருஷம் கழித்து, இடைவெளி விட்டுப் பலமுறை ரத்தம் பார்த்து, சினைப்பை ஓய்ந்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம். ஆரம்பிக்கும் முன் எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேன், கூடவே கால்சியம், வைட்டமின் டி. இப்போது காலையில் விரல் மடங்க அரை மணி நேரம் ஆகிறது. நடந்தால் கொஞ்சம் இளகுகிறது. பாட்டில் மூடி திறக்க மட்டும் இன்னும் மகனைத்தான் கூப்பிடுகிறேன்.