ஒரு டிசொல்வ்

பெப்ரவரி 4

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யோசப் சூஸ் ஒப்பன்ஹைமர் சதுக்கம் வரை நடந்தேன். ஜேர்மனியில் இந்த ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து பத்து வருடம். அந்தப் பெயர்ப்பலகையை நின்று வாசித்தது இன்றுதான். வூர்ட்டம்பெர்க் கோமகனுக்கு நிதி ஆலோசகராக இருந்த யூதர். 1737இல் கோமகன் திடீரென்று இறந்ததும் இவரைப் பிடித்தார்கள். 1738, இதே பெப்ரவரி 4, தூக்கு. உடலை இரும்புக் கூண்டில் ஆறு வருடம் தொங்கவிட்டார்களாம்.

சனிக்கிழமை இவர் பெயரில் நாஜிகள் எடுத்த படத்துக்குப் போகிறேன். நினைத்தவர் நினைத்தபடி போட முடியாத படம். முன்னால் விளக்கவுரை, பின்னால் கலந்துரையாடல், இரண்டும் இருந்தால்தான் திரையிடலாம்.

பெப்ரவரி 9

அழுதுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

'யூத சூஸ்', 1940, இயக்கம் பைட் ஹார்லன். டொரதேயா என்றொரு பெண் வரலாற்றில் இல்லை, சூஸ் அவளைக் கெடுப்பது படத்துக்காகச் சேர்த்தது என்று உரையாற்றியவர் முதலே சொல்லிவிட்டார். தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அப்படியிருந்தும், தண்ணீரில் விழுந்து செத்தவளைக் கணவன் தூக்கிவரும் இடத்தில் தொண்டை அடைத்தது. பிறகு சூஸைக் கூண்டோடு மேலே ஏற்றுகிறார்கள், பனி கொட்டுகிறது. ஒரு கணம் மனம் 'சரிதான்' என்றது. என் மனம்தான்.

அந்தக் காலத்தில் இதை இரண்டு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். எஸ்எஸ் என்ற நாஜிப் படைக்காரரும் பொலிசாரும் பார்க்க வேண்டும் என்று அவர்களின் தலைவர் ஹிம்லர் கட்டளையே போட்டிருந்தார். அவர்களுக்கு முன்னால் எவரும் எழுந்து நின்று விளக்கம் சொல்லவில்லை.

வீடியோ எடிட்டிங் என் பிழைப்பு, அதனால் கண் அங்கேயே போகும். தாடியும் நீள அங்கியுமாக நிற்கும் சூஸ் மெல்ல மங்க, அதே முகம் மழித்து, அரண்மனை உடுப்போடு தெளிகிறது. சாதாரண டிசொல்வ், ஒரு காட்சி கரைந்து அடுத்ததாவது. அது சொல்வது ஒன்றுதான்: உன் பக்கத்து வீட்டில் நாகரிகமாக உடுத்தி நிற்பவனும் இவன்தான்.

பெப்ரவரி 10

அம்மா ஃபோனில். என்ன படம் பார்த்தாய் என்று கேட்டா. சொன்னேன். அழுததையும் சொன்னேன்.

"அழுகை வந்தால் அது நல்ல படம்தானே, பிள்ளை?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. முழங்கால் வலி எப்படி என்று கேட்டேன்.

பெப்ரவரி 16

இரண்டாம் அமர்வு. அதே 1940 நவம்பரில் வந்த 'நித்திய யூதன்', ஃபிரிட்ஸ் ஹிப்லரின் ஆவணப்படம். துண்டு துண்டாகத்தான் காட்டினார்கள். எலிக் கூட்டம், பிறகு மனிதர்கள், மேலே ஒரு கணீர்க் குரல். போலந்தைப் பிடித்த கையோடு 1939இல் லோட்ஸ் நகரில் எடுத்த காட்சிகளும் அதில் உண்டு. பார்க்க அருவருப்பு மட்டும்தான் வருகிறது, அழுகை எங்கே வரும்? அன்றைக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. 'யூத சூஸ்' பார்த்ததே போதும் என்று சனம் சலித்துக்கொண்டதாக நாஜி உளவுப்பிரிவே அறிக்கை எழுதியது.

திடுக்கிட்டது வேறு இடத்தில். தாடிக்கார ஆண்கள் சிலர் கேமராவுக்கு முன்னால் நிற்கிறார்கள். டிசொல்வ். அதே ஆட்கள், மழித்த முகம், கோட்டு சூட்டு. கையை எங்கே வைப்பதென்று தெரியாத நிற்பு. மேக்கப் அறையில் நடிகருக்குச் செய்ததை இவர்களுக்கு நிஜமாகவே செய்திருக்கிறார்கள்.

அதோடு நிற்கவில்லை. ஃபிரிட்ஸ் லாங்கின் 1931 படத்தில் பீட்டர் லோரெ குழந்தைகளைக் கொல்பவனாக நடித்தார். அவர் யூதர். அந்த நடிப்பையே வெட்டி எடுத்து, பாருங்கள் யூதனை என்று சாட்சியாக ஒட்டியிருக்கிறார்கள். நடிப்பை வெட்டி ஆவணமாக்குவதற்குக் கத்தரிக்கோலும் ஒரு பின்னணிக் குரலும் போதுமாக இருந்திருக்கிறது.

பெப்ரவரி 18

வேலை. ஒரு கலியாண வீடியோ. பொம்பிளையின் ஐந்து வயதுப் படம் கரைந்து மணவறை முகமாக வரவேண்டும் என்று தகப்பன் கேட்டார். போட்டுக் காட்டினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.