எந்த கன்சோலில் விளையாடினீர்கள்?

போன வாரம் தங்கை மகன் போனில் கூப்பிட்டான். "மாமா, ஒரு கேம் வாங்கலாம்னு இருக்கேன், ஒன்பது மார்க் குடுத்திருக்காங்க, வாங்கட்டுமா?" அவன் வீட்டில் இருப்பது பழைய பிஎஸ்4 (சோனியின் பிளேஸ்டேஷன் 4, டிவியில் இணைத்து கேம் ஆடும் கன்சோல்), நான் கொடுத்ததுதான். ரிவ்யூ எழுதியவர் எதில் விளையாடினார் என்று போட்டிருக்கிறதா பார் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, பக்கத்தை மேலும் கீழும் தள்ளித் தேடிக்கொண்டிருந்தான் போல. "கடைசில சின்னதா போட்டிருக்கு மாமா. பிசி."

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். கதை எப்படி, சண்டை எப்படி, இசை எப்படி என்று ரெண்டாயிரம் வார்த்தை எழுதுகிறவர்கள், எந்த இயந்திரத்தில் விளையாடினோம் என்பதை அடிக்குறிப்பு மாதிரி ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரே கேம் நாலு கன்சோலில் வருகிறது என்றால் அது நாலு பொருள். நாலுக்கும் சேர்த்து ஒரு மார்க் போட்டால், அந்த மார்க் யாருக்கு?

சைபர்பங்க் 2077 என்ற கேமின் விஷயத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2020 டிசம்பர் 10 வெளியீடு. அதற்கு மூன்று நாள் முன்பே ரிவ்யூக்கள் வந்துவிட்டன, ஒன்பதும் பத்துமாகக் குவிந்தன. ஆனால் விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கிடைத்தது பிசி பதிப்பு மட்டும். தாங்கள் விளையாடியதைப் பதிவு செய்து காட்டவும் அப்போது அனுமதி இல்லை, கேமைச் செய்த சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் கொடுத்த காட்சிகளைத்தான் போட வேண்டும் என்று நிபந்தனை. வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பு முதலீட்டாளர்களிடம் பேசும்போது, பழைய கன்சோல்களில்கூட ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாக ஓடுகிறது என்று நிறுவனத்தின் தலைமையே சொல்லியிருந்தது. அதை நம்பி முன்பணம் கட்டியவர்கள் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தபோது என்ன ஆனது? தெருவில் ஆட்கள் முகமே இல்லாமல் தோன்றி, அப்புறம் மெதுவாக முகம் வந்தது. வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினால் சாலை முன்னால் வந்து சேருவதற்குள் வண்டி அங்கே போய்விடும். கேம் பாதியில் மூடிக்கொள்வது சகஜமாக இருந்தது.

காரணம் மர்மமானது இல்லை. 2013-இல் வந்த பிஎஸ்4-க்குள் இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க். சைபர்பங்க் நடக்கும் நைட் சிட்டி மாதிரி ஒரு நகரத்தில், நீங்கள் தெருவைத் தாண்டும்போதே அடுத்த தெருவின் கட்டடங்களும் ஆட்களும் வண்டிகளும் டிஸ்கிலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். சுழலும் பாகமே இல்லாத, வேகமான எஸ்எஸ்டி போட்ட பிசியில் அது கண்ணுக்கே தெரியாமல் நடக்கிறது. பழைய ஹார்டு டிஸ்கால் அந்த வேகத்துக்கு அள்ளிக் கொடுக்க முடியவில்லை. நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரே 2021 ஜனவரி வீடியோவில் இந்தக் காரணத்தைத்தான் சொன்னார். அதற்கு முன்பே, டிசம்பர் 14 அன்று, பழைய கன்சோலில் கேம் எப்படி ஓடுகிறது என்பதை முன்கூட்டிக் காட்டாததற்கு மன்னிப்பும் கேட்டிருந்தார்கள். நாலே நாளில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்து அந்தக் கேமையே எடுத்துவிட்டது. அது திரும்ப வந்தது 2021 ஜூன் 21-இல்தான். அப்போதும் பிஎஸ்4 ப்ரோ (பிஎஸ்4-இன் பலமான வடிவம்) அல்லது அடுத்த தலைமுறை பிஎஸ்5 இருந்தால் நல்லது என்று எச்சரிக்கை ஒட்டியிருந்தது.

இதில் ஐஜிஎன் என்ற கேம் விமர்சனத் தளம் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்தது. பிசிக்கு முன்பே 9 கொடுத்திருந்தார்கள். பிஎஸ்4, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் பதிப்புகளுக்குத் தனியாக இன்னொரு ரிவ்யூ எழுதி 4 கொடுத்தார்கள். அதே கதை, அதே வசனம், அதே இசை, அதே நகரம். ஒன்பதுக்கும் நாலுக்கும் நடுவே இருப்பது இயந்திரம் மட்டும்தான். பல ரிவ்யூக்களின் மார்க்கைச் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக்கில் போய்ப் பார்த்தாலும் பிசிக்கு 86, பிஎஸ்4-க்கு 57. எனக்கு வேண்டியது இந்த மாதிரித் தனித்தனி ரிவ்யூதான். வேதனை என்னவென்றால், அந்த 4 வந்தபோது பழைய கன்சோல்காரர்கள் ஏற்கெனவே காசைக் கட்டி முடித்திருந்தார்கள்.

விமர்சகர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கன்சோல் பதிப்பைக் கண்ணில் காட்டாவிட்டால் அவர்கள்தான் என்ன செய்வார்கள். பலர் "கன்சோலில் நாங்கள் பார்க்கவில்லை" என்று ஒரு வரி எழுதவும் செய்தார்கள். ஆனால் அந்த ஒரு வரியை யாரும் வாட்ஸ்அப்பில் பகிர்வதில்லை, எண்ணைத்தான் பகிர்கிறார்கள். பார்க்காததற்கு எண் போடாமல் இருக்கலாமே? "பிசிக்கு 9, கன்சோலுக்கு மார்க் இல்லை, பொறுங்கள்" என்று பெரிய எழுத்தில் போட எத்தனை நிமிடம் ஆகும்?

இது சைபர்பங்க்கோடு தொடங்கிய வியாதி இல்லை. பிஎஸ்3 வைத்திருந்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். 2009-இல் ஜப்பானில் பேயோனெட்டா என்ற சண்டை கேம் வந்தபோது அதை உருவாக்கிய பிளாட்டினம் கேம்ஸ் எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்பைத்தான் செய்தது, பிஎஸ்3-க்கு மாற்றும் வேலை வேறு கைக்குப் போனது. ஃபேமிட்சு பத்திரிகை 360 பதிப்புக்கு நாற்பதுக்கு நாற்பது கொடுத்தது, பிஎஸ்3-க்கு 38. ரெண்டு மார்க்தானே என்று தோன்றும். ஆனால் பிஎஸ்3-இல் ஃபிரேம் (நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்பது) அடிக்கடி விழும், லோடிங் நீளும், பாஸ் பட்டனை அழுத்தினால்கூடக் காத்திருக்க வேண்டும். அந்தக் கேமின் உயிரே, எதிரி அடிக்கும் அந்தக் கடைசி நொடியில் விலகினால் காலம் மெதுவாகி நமக்கு அடிக்க வாய்ப்பு கிடைப்பதுதான். ஃபிரேம் விழுந்தால் அந்த நொடி கையை விட்டுப் போகிறது. இதை வெறும் படத்தின் தெளிவு சம்பந்தப்பட்ட குறையாகப் பார்ப்பது தவறு, விளையாட்டே அங்கே வேறாகிவிடுகிறது.

ஸ்கைரிம் என்ற கேமின் கதை இன்னும் மோசம், ஏனென்றால் அது முதல் நாளில் தெரியாத வியாதி. 2011 நவம்பர் 11-இல் வந்தது, எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள், தகுதியான கொண்டாட்டம்தான். எக்ஸ்பாக்ஸ் 360-இல் 512 எம்பி மெமரி ஒரே குளம் மாதிரி, எதற்கு வேண்டுமானாலும் மொண்டுகொள்ளலாம். பிஎஸ்3-இல் அதே 512, ஆனால் பொதுவேலைக்கு 256, கிராஃபிக்ஸுக்கு 256 என்று நடுவே சுவர். ஸ்கைரிமில் நீங்கள் தட்டிவிட்ட தட்டு, திறந்த பெட்டி, விழுந்து கிடக்கும் பிணம் எல்லாவற்றையும் கேம் நினைவில் வைத்துக்கொள்ளும். அதனால்தான் அந்த உலகம் நம்முடையது என்று தோன்றுகிறது. பல மணி நேரம் ஆடிய பிறகு சேவ் ஃபைல் வீங்கிப்போய், பிஎஸ்3-இல் கேம் திக்கித் திணறத் தொடங்கும். ஆசையாக அதிக நேரம் விளையாடியவர்களுக்குத்தான் அதிகத் தண்டனை! டான்கார்டு என்ற கூடுதல் பகுதி (டிஎல்சி) 360-க்கு 2012 ஜூனில் வந்துவிட்டது, பிஎஸ்3-காரர்கள் 2013 பிப்ரவரி வரை காத்திருந்தார்கள்.

பிசிதான் எப்போதும் மேல் என்று யாராவது சொன்னால் பேட்மேன் ஆர்க்கம் நைட்டை ஞாபகப்படுத்துங்கள். 2015 ஜூனில் பிஎஸ்4-இல் அருமையாக ஓடிய கேம், பிசியில் அவ்வளவு மோசமாக ஓடியதால் விற்பனையையே நிறுத்தி, அக்டோபர் கடைசியில்தான் மறுபடி கடைக்குக் கொண்டு வந்தார்கள்.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டு, கையில் வைத்தும் டிவியில் போட்டும் ஆடக்கூடிய நின்டெண்டோ ஸ்விட்ச் பற்றிப் பேசாமல் போக முடியாது, ஏனென்றால் அங்கே வந்தால் என் வாதமே வேறு பக்கம் திரும்புகிறது. விட்சர் 3 என்ற கேமை ஸ்விட்ச்சுக்கு சேபர் இன்டராக்டிவ் நிறுவனம் மாற்றிக் கொடுத்தது, 2019 அக்டோபர் 15. ரெண்டு பெரிய கூடுதல் கதைகளோடு மொத்தக் கேமும் ஒரு 32 ஜிபி கார்டுக்குள். கையில் வைத்து விளையாடும்போது தெளிவு வெறும் 540 வரி (540பி), அதுவும் கூட்டம் சேர்ந்தால் குறையும். நான் இதை முதலில் பிஎஸ்4-இல் முடித்தவன். இரவு ரயிலில் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு ஸ்விட்ச்சில் அந்தக் கேமின் வேலன் பகுதியைத் திறந்தேன். தூரத்து மரங்கள் தண்ணீர் பட்ட ஓவியம் மாதிரி கலங்கிக் கிடந்தன. குதிரையை விட்டால் புல் பத்தடி முன்னால்தான் முளைத்தது. நாயகன் கெரால்ட்டின் தாடி ஒரு பழுப்புத் திட்டு. ஆனால் முப்பது ஃபிரேம் பெரும்பாலும் நின்றது, வசனம் அதே வசனம், சதுப்பு நிலத்துக் கிழவிகளைச் சந்திக்கும் இடத்தில் பிஎஸ்4-இல் வந்த அதே நடுக்கம் வந்தது. விடியும்போது ஊர் வந்துவிட்டது, நான் ஒரு கிளைக்கதையை முடித்திருந்தேன்.

இதற்கு எத்தனை மார்க்? டிவியில் போட்டுப் பார்த்தால் ஆறுகூடத் தர மாட்டேன். பெர்த்தில் படுத்து விளையாடினால் ஒன்பது. அதனால்தான் எந்தக் கன்சோல் என்று கேட்டால் மட்டும் போதாது, எங்கே வைத்து விளையாடினார்கள் என்றும் கேட்கிறேன். ஹேடீஸ் என்ற கேமை டிவியிலும் ஸ்விட்ச்சிலும் ஆடியிருக்கிறேன், எனக்கு ஸ்விட்ச்தான். அரை மணியில் முடியும் ஓட்டம், பட்டனைத் தட்டினால் தூங்கிவிடும், மறுபடி தட்டினால் விட்ட இடத்திலேயே நாயகன் ஜாக்ரியஸ் நிற்பான். மார்டல் காம்பேட் 1 அப்படி இல்லை. 2023-இல் மற்ற கன்சோல்களின் அதே எழுபது டாலர் விலையில் ஸ்விட்ச்சுக்கு வந்தது, முகங்கள் மெழுகு பொம்மை மாதிரி இருந்தன. முழு விலை வாங்கிக்கொண்டு அந்தத் தரத்தைக் கொடுத்தால் அதை ரிவ்யூவின் தலைப்பிலேயே எழுத வேண்டும்.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் பற்றியும் ஒன்று, அது சீரிஸ் எக்ஸ் கன்சோலின் சின்னத் தம்பி. பல்டர்ஸ் கேட் 3 பிசிக்கு 2023 ஆகஸ்டிலும் பிஎஸ்5-க்கு செப்டம்பரிலும் வந்தது, எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பர் வரை வரவில்லை. சீரிஸ் எஸ்ஸில் 10 ஜிபி மெமரி, எக்ஸில் 16. ரெண்டு பேர் ஒரே திரையில் ஆடும் வசதி சின்னதில் ஓடவில்லை, தாமதத்துக்கு அதுதான் காரணம். கடைசியில் எஸ்ஸுக்கு அது இல்லாமலே வெளியிட்டார்கள், 2025 ஏப்ரலில் வந்த பேட்ச் 8 என்ற திருத்தத்தில்தான் சேர்த்தார்கள். மனைவியோடு சேர்ந்து விளையாடலாம் என்று பத்து மார்க் ரிவ்யூவைப் படித்து எஸ் பதிப்பை வாங்கியவரை நினைத்துப் பாருங்கள்.

இப்போதெல்லாம் நான் இங்கே எழுதும்போது முதல் வரியிலேயே கன்சோல், பேட்ச் எண், டிவியா கையடக்கமா என்று போட்டுவிடுகிறேன். கேமிலேயே கூட்டம் அதிகமான சந்தை எதுவோ அங்கே போய் நின்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பேன். வேகமான வண்டியிலோ குதிரையிலோ ஊரைக் குறுக்கே வெட்டிப் போவேன். இருபது மணி நேரம் தாண்டிய சேவிலிருந்து இதையெல்லாம் திரும்பச் செய்வேன். முதல் ரெண்டு மணி நேரத்தை எல்லா நிறுவனமும் மெருகேற்றித்தான் கொடுக்கும். இருபதாவது மணியில்தான் உண்மை வரும், அதனால் என் ரிவ்யூ தாமதமாகத்தான் வரும்.

மருமகனிடமும் இதைத்தான் சொன்னேன். ப்ரோ இல்லை, சாதா பிஎஸ்4, அதில் யாராவது கேமின் பின்பாதியை விளையாடிய வீடியோ இருந்தால் தேடி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை அனுப்பினான். அவன் அவன் வீட்டில், நான் இங்கே, போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஒன்றாகப் பார்த்தோம். மழை பெய்யும் ஒரு சந்தையில் பத்திருபது பேரோடு சண்டை, ரெண்டு இடத்தில் திக்கியது, மற்றபடி ஓடியது. "மாமா, இது எனக்குப் போதும்" என்றான். விலை குறையும்வரை ஒரு மாதம் பொறு, அதற்குள் இன்னொரு பேட்ச் வரும் என்று சொல்லியிருக்கிறேன்.