மேல் வீட்டுத் தண்ணீரும் எங்கள் வீட்டுப் பூஞ்சணமும்

முதலில் கண்டுபிடித்தது அம்மாவின் மூக்குத்தான். ஒக்டோபர் மாதம், பின்னேர மழை ஒருநாளும் தவறாமல் கொட்டிக்கொண்டிருந்த கிழமைகள். அம்மாவின் அறைக்குள் போனால் நனைந்த சாக்கு மணம் அடித்தது. "உந்த அலுமாரிக்குள்ளதான் பிள்ளை ஏதோ ஊறிப்போய்க் கிடக்குது" என்றா அம்மா. நான் பூச்சி உருண்டை வாங்கிப் போட்டேன். பழைய மணம் அப்படியே இருக்க, அதற்கு மேலே இது ஏறி நின்றது.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில், பழைய தொடர்மாடி ஒன்றில் மூன்றாம் மாடி எங்களுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கு அலுமாரியை இரண்டு பேராக இழுத்து நகர்த்தினோம். பின்சுவரில் எள்ளைக் கொட்டியதுபோல ஒரே கறுப்பு. சீலிங் மூலையில் தொடங்கி, கீழே வரவர ஐதாகி, இடுப்பு உயரத்தில் நின்றிருந்தது. அலுமாரியின் பின்பக்கம் அடித்திருந்த பிளைவூட் சாம்பல்பச்சையாய்ப் பஞ்சு பூத்திருந்தது. கீழ்த்தட்டில் இரண்டு அல்பங்கள். 1995 இல் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்டபோது அம்மா சேலைக்குள் சுற்றிக்கொண்டு வந்தவை. அவற்றின் மட்டையிலும் அதே பஞ்சு.

என் மகளுக்கு ஏழு வயது. அம்மம்மாவோடுதான் படுப்பாள். இரவில் இருமல், விடியப்புறம் முட்டு. இன்ஹேலர் எழுதித் தந்த டொக்டர், "வீட்டில ஈரக்கசிவு, பூஞ்சணம் ஏதும் இருக்குதா?" என்று கேட்டார். அதுவரை இருமலையும் சுவரையும் நான் ஒன்றாகச் சேர்த்து யோசித்ததில்லை. ஈரமான வீடுகளையும் பூஞ்சணத்தையும் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2009 இலேயே ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அப்படிப்பட்ட வீடுகளில் இருப்பவர்களுக்கு மூச்சுக் கோளாறுகளும் ஆஸ்துமாவும் கூடுதலாக வருகின்றன என்று அது சொல்கிறது. அன்றிரவே மகளின் படுக்கையை ஹோலுக்கு மாற்றினேன். அம்மா இரண்டு நாள் பிடிவாதம் பிடித்துவிட்டு, தலையணையோடு வந்து சேர்ந்தா.

அடுத்து நான் செய்தது எல்லாம் பிழை. அதை ஒளிக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் தொடர்மாடியில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். காய்ந்த தும்புத்தடியால் சுவரைத் தட்டினேன். அது பூஞ்சண வித்துகளை அறை முழுவதும் பறக்கவிடும் வேலை. பிறகு பிளீச் பூசினேன், கறுப்பு வெளுத்தது. ஆனால் பிளீச் ரைல்ஸ் போன்ற வழுவழுப்பான இடத்தில்தான் சரியாக வேலை செய்யும். நுண்துளை உள்ள சாந்துச் சுவரில் மருந்து மேலோடு நின்றுவிடும், அதிலுள்ள தண்ணீர் மட்டும் உள்ளே இறங்கும். போதாததற்கு, இன்னும் பலமாக இருக்கட்டும் என்று கொமட் கழுவும் அசிட்டையும் சேர்க்கப் போத்தலைக் கையில் எடுத்துவிட்டேன். போத்தலின் பின்பக்கத்து எச்சரிக்கையை வாசித்ததால் தப்பினோம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், யன்னல் பூட்டிய அறைக்குள் அது உயிருக்கே ஆபத்து. கடைசியில் ஹாட்வெயாரில் 'பூஞ்சணம் பிடிக்காத பெயின்ட்' என்று தந்ததை வாங்கி இரண்டு கோட் அடித்தோம். நவம்பர் முழுவதும் சுவர் புத்தம்புதிதாக இருந்தது. நத்தார் விடுமுறைக்குள் பெயின்ட் கொப்புளம் போட்டு உரிந்து, அதே மூலையில் அதே எள்ளு.

ஜனவரியில்தான் ஆட்களைக் கூப்பிடுவது என்று முடிவெடுத்தேன். முதலில் பேசிய இடத்தில், படம் அனுப்பச் சொல்லி, ஒரு மணித்தியாலத்தில் மருந்துப் புகை அடித்துத் தருகிறோம், மூன்று வருட உத்தரவாதம் என்றார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு கேள்விகூட இல்லை. அந்த இடத்திலேயே வேண்டாம் என்று விட்டேன். புகையில் பூஞ்சணம் செத்தாலும் செத்தது சுவரிலேயே கிடக்கும், செத்த பூஞ்சணமும் ஒவ்வாமையைக் கிளப்பும். அகற்றினால்தான் அகற்றியது.

இரண்டாவதாக வந்தவர்கள் இரண்டு பேர். பொறுப்பாக வந்த தம்பி ஹட்டன் பக்கம். உள்ளே வந்ததும் சுவரைப் பார்க்கவில்லை. "அக்கா, மேல் வீட்டு பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்குப் பாதி நிம்மதி.

இரண்டு ஊசி உள்ள ஈரமானி ஒன்றை அறையின் நாலு சுவரிலும் குத்திப் பார்த்தார். அந்தக் கருவி மரத்துக்கு அளவு செய்யப்பட்டது, அதனால் சாந்தில் வரும் எண்ணை அப்படியே எடுக்கக் கூடாது, காய்ந்த சுவரோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். எங்கள் சுவரில் சீலிங் மூலையில் எண் உச்சம், கீழே வரவரக் குறைவு. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் என்றால் அது கீழே கூடி மேலே குறையும், மூன்றாம் மாடிக்கு ஏறியும் வராது. உரிந்த பெயின்டுக்குள் வெள்ளையாய்ப் பூத்திருந்ததில் தண்ணீர் தெளித்தார், கரைந்துபோனது. அது உப்பு. கறுப்பு கரையவில்லை. வெளிச்சுவரில் கறை இல்லாத இடத்தில் ஒரு துண்டு அலுமினியத் தாளை நாலு ஓரமும் ரேப் போட்டு ஒட்டிவிட்டு, இரண்டு நாள் கழித்துப் பார்க்கச் சொன்னார். தாளின் அறைப் பக்கம் வியர்த்தால் காற்றின் ஈரம், சுவர்ப் பக்கம் நனைந்தால் உள்ளிருந்து வரும் ஈரம். இரண்டு பக்கமும் காய்ந்திருந்தது. ஆகவே காற்றின் ஈரமும் இல்லை, வெளிச்சுவரால் வரும் ஈரமும் இல்லை.

பிறகு அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. "மழை நின்டு ரெண்டு கெழம ஆச்சு அக்கா. செவரு இன்னும் ஈரம். மழைத் தண்ணியா இருந்தா காஞ்சிருக்கணும்."

மூன்று மாதம் நாங்கள் மழையைத் திட்டிக்கொண்டிருந்தோம்! கொழும்பில் ஜனவரியும் பெப்ரவரியும் ஓரளவு காய்ந்த மாதங்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் இந்த உண்மை வெளியே வந்திராது.

அன்றைக்கே வேலையைத் தொடங்கச் சொல்லிக் கெஞ்சினேன். மறுத்துவிட்டார். "தண்ணி நிக்காம நாங்க கைவச்சா உங்க காசு வீண்." கையில் வந்த வேலையை வேண்டாம் என்று சொன்ன அந்த மனுசன்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

தண்ணீரை நிறுத்துவதற்குத்தான் ஐந்து கிழமை போனது. மேல் வீட்டுச் சொந்தக்காரர் ரொறொன்ரோவில். வீட்டில் இருப்பது வாடகைக்கு வந்த ஒரு சிங்களக் குடும்பம், நல்ல மனிதர்கள். ஆனால் ரைல்ஸ் உடைப்பதற்கு அவர்களால் சம்மதம் தர முடியாது. குளிர்காலத்தில் ரொறொன்ரோவுக்கும் எங்களுக்கும் பத்தரை மணித்தியால வித்தியாசம். நான் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு எடுக்கும் நேரம் அவருக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். முதல் இரண்டு அழைப்பிலும் "தங்கச்சி, என்ர பாத்ரூமில ஒரு பிரச்சினையும் இல்லை, உங்கட சுவரிலதான் ஏதோ" என்றார்.

வாக்குவாதத்தை முடித்தது ஒரு சின்னப் போத்தல் கேக் கலர். மேல் வீட்டு அக்காவிடம் கேட்டு, அவர்களின் பாத்ரூம் நிலத்து நீர்வடியும் துவாரத்தை அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி, சிவப்புக் கலரைக் கரைத்துவிட்டோம். ஒரு நாள் முழுக்க அவர்கள் கீழ் வீட்டில், எங்கள் வீட்டில், குளித்தார்கள். அடுத்த நாள் காலை எங்கள் சீலிங் மூலையில் இளஞ்சிவப்பாய் ஒரு வளையம். அதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டேன். நெடுநேரம் பதில் இல்லை. பிறகு குரல்பதிவு வந்தது: "மேசனைப் பாருங்கோ தங்கச்சி. காசை நான் அனுப்பிறன்."

எல்லாருக்கும் இப்படி நல்லபடி முடியாது. அதனால் ஒன்று சொல்லி வைக்கிறேன். 1973 ஆம் ஆண்டின் தொடர்மாடிச் சட்டத்தின் கீழ் பதிவான கட்டடங்களில் வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லாரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒன்று இருக்கும். முதலில் அங்கே எழுத்தில் கொடுங்கள், திகதியோடு, படங்களோடு. அதற்கும் மேலே, தொடர்மாடிகளுக்கான அரச அமைப்பான கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை இருக்கிறது. நான் அதுவரை போகவில்லை என்றாலும் கடிதம் எழுதி வைத்திருந்தேன்.

மேசன் பாத்ரூம் நிலத்தைத் திறந்தபோது காரணம் தெரிந்தது. துவாரத்துக் குழாயைச் சுற்றி இருந்த சீமெந்து விலகிப்போயிருந்தது, கீழே நீர்காப்புப் பூச்சு என்று ஒன்றுமே இல்லை. குழாயைச் சுற்றி அடைத்து, நீர்காப்புப் பூச்சை இரண்டு கோட் பூசி, சுவரிலும் ஒரு அடி உயரத்துக்கு ஏற்றி, ரைல்ஸ் பதிக்கும் முன்பு மறுபடியும் தண்ணீர் தேக்கிப் பார்த்தோம். இந்த முறை எங்கள் சீலிங்கில் ஒன்றும் வரவில்லை. அந்தப் பரிசோதனையை விட்டுவிட்டு ரைல்ஸ் பதிக்க எந்த மேசனையும் விடாதீர்கள்.

மார்ச் தொடக்கத்தில் அகற்றும் வேலை. அது ஒரே நாள்.

அறை வாசலில் தடித்த பொலித்தீனைத் தொங்கவிட்டு, நடுவில் சிப் வைத்த வாசல் ஒட்டினார்கள். ஏசியையும் சுவர் ஓட்டைகளையும் மூடினார்கள். யன்னலில் ஹெப்பா வடிகட்டி பூட்டிய விசிறிப் பெட்டி ஒன்று. 0.3 மைக்ரோன் துகளிலும் 99.97 வீதத்தைப் பிடித்துவிட்டுக் காற்றை வெளியே தள்ளும் பெட்டி. அது ஓடத் தொடங்கியதும் பொலித்தீன் அறைக்குள் உள்வாங்கிப் புடைத்தது. அறையின் காற்றழுத்தம் ஹோலைவிடக் குறைந்துவிட்டது, வித்துகள் எங்கள் பக்கம் வராது என்பதற்கு அதுதான் அடையாளம். அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு கதிரை போட்டு அந்தப் பொலித்தீனையே பார்த்துக்கொண்டிருந்தா.

உள்ளே என்95 மாஸ்க், கண்ணாடி, கையுறை. சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே சுரண்டினார்கள், தூசி எழும்பாமல் இருக்க. கறை தெரிந்த எல்லையோடு நிற்காமல் அதைத் தாண்டி ஒன்றரை அடி தூரத்துக்குச் சாந்தைக் கல் தெரியும்வரை கொத்தி எடுத்தார்கள். எல்லாம் இரட்டைப் பைக்குள், வாயை முறுக்கிக் கட்டி, பையின் வெளிப்பக்கத்தையும் துடைத்துவிட்டே வெளியே வந்தது. அலுமாரியின் பிளைவூட் போய்விட்டது, ஒட்டுப்பலகைக்குள் இறங்கிய பூஞ்சணத்தைக் கழுவி எடுக்க முடியாது. தேக்குச் சட்டங்களை ஹெப்பா வக்கூமால் இழுத்து, சவர்க்காரத் தண்ணீரால் துடைத்துக் காயவைத்தார்கள். மெத்தையையும் விட வேண்டி வந்தது. பிறகு ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஐந்து நாள் ஓடியது. முதல் இரண்டு நாளும் வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றினேன். ஈரமானி மற்றச் சுவர்களின் எண்ணுக்கு இறங்கிய பிறகே புதுச் சாந்து. அந்தச் சாந்து நன்றாகக் காய்ந்த பிறகே, சுவர் மூச்சுவிடக்கூடிய பெயின்ட்.

அல்பங்களை அவர்கள் தொடவில்லை. அது தங்களுக்குத் தெரியாத வேலை என்று நேர்மையாகச் சொன்னார்கள். படத்தின் மேற்படலம் ஜெலற்றின், பூஞ்சணத்துக்கு அதுவே சாப்பாடு. ஈரத்துணியால் துடைத்தால் படலம் இளகி முகமே கையோடு வந்துவிடும். அதனால் முதல் நாளே சிப் பைகளில் போட்டு பிரிட்ஜின் ஐஸ்பெட்டிக்குள் வைத்திருந்தேன், குளிரில் அது வளராது. சித்திரைக்கு முன்னே ஒவ்வொன்றாக எடுத்து, ஏசி அறையில் நன்றாகக் காயவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் மெல்லிய தூரிகையால் வெளிப்பக்கமாகத் தட்டினேன். பதினொரு படங்கள் பிழைக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் நல்லூர் வீதியில் நிற்கும் படத்தில் வீதி போய்விட்டது, அவர்கள் இருவரும் இருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். "யன்னலைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள்" என்ற அறிவுரை குளிர் நாட்டுக்குப் பொருந்தும். கொழும்பில் வெளிக்காற்றே அனேக இரவுகளில் எண்பது வீதத்துக்கு மேல் ஈரம். முப்பது பாகை வெப்பத்தில் எண்பது வீத ஈரம் உள்ள காற்று, இருபத்தாறு பாகைக்குக் குளிர்ந்த எந்தச் சுவரைத் தொட்டாலும் வியர்க்கத் தொடங்கிவிடும். ஏசியை இருபதில் போட்டுச் சுவரைக் குளிரவைத்துவிட்டு, நிறுத்தியதும் யன்னலைத் திறந்தால், நாங்களே சுவருக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். இப்போது இருபத்தாறில் போடுகிறோம், மழைநாளில் காற்றின் ஈரத்தை இழுக்கும் டிரை மோட். அறைக்குள் உடுப்புக் காயப்போடுவதை நிறுத்திவிட்டோம். சின்ன ஈரப்பத அளவி ஒன்று சுவரில் தொங்குகிறது, அறுபதுக்குக் கீழே நிற்க வேண்டும் என்பதே எங்கள் இலக்கு. மகள்தான் காலையில் அதை வாசித்துச் சொல்வாள்.

மே மாதம் தென்மேற்குப் பருவம் தொடங்கி, மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் இரவு ஏணி வைத்து ஏறி, டோர்ச் அடித்து, மூலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா, அலுமாரியைப் பழைய இடத்துக்கே விடலாமா என்று கேட்டா. வேண்டாம் என்றேன். அது இப்போது உள்சுவர்ப் பக்கம், சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி நிற்கிறது.